நான் வெஜ், நான் தீசிஸ்

சோறு போடுகிற தொழிலில் கை தவறினால் உப்புதான் கூடும். காது தவறினால் என்னென்ன கூடும் என்று எந்தச் சமையல் குறிப்பிலும் எழுதியிருக்காது. வீட்டு முன்னறையில் ரெண்டு பெஞ்சைப் போட்டு, மெஸ் என்று பெயர் வைத்து, இடுப்பில் குழந்தையும் கையில் கரண்டியுமாக நிற்கிற என்னைப் போன்ற அக்கா தங்கச்சிகளுக்கு நான் சொல்வது புரியும். ரசம் வைக்க நமக்குத் தெரியும். சாப்பிட வந்தவர் என்ன கேட்டார் என்பதில்தான் சங்கடமெல்லாம்.

நான் ஆறாவது வரைக்கும்தான் படித்தேன். கூச்ச சுபாவம் வேறு. கோயமுத்தூரில் மருதமலை போகிற ரோட்டுப் பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்காரர் பம்ப் செட் வார்க்கிற ஃபவுண்டரியில் மோல்டர். பாப்பா பிறந்த பிறகு நான் மில் வேலையை விட்டேன். பக்கத்தில் காலேஜ் இருக்கிறதே, நாலு பிள்ளைகளுக்குச் சோறு போடலாம் என்று அவர்தான் மெஸ்ஸை ஆரம்பித்து வைத்தார். ஆரம்பித்து வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். வருகிறவர்களோடு பேசுவது யார்? நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு கையை மட்டும் வெளியே நீட்டிப் பரிமாறுவேன். "சாம்பாருக்குக் கை இருக்குது, ஆளைக் காணோம்" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அந்த நாளில் சாப்பிட வந்த ரெண்டு பெண்களைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ஈ படிப்பு

தனலட்சுமி காங்கேயம் பக்கத்தில் தோட்டங்காடும் மாடு கன்றும் உள்ள வீட்டுப் பெண். மெல்லிசான குரல், எதைக் கேட்டாலும் ஒரு 'ங்க' போட்டுத்தான் பதில் சொல்லுவாள். ஸ்டெல்லாவுக்குக் கருமத்தம்பட்டி. அவள் பேசினால் எதிர்வீட்டில் திரும்பிப் பார்ப்பார்கள். ரெண்டு பேரும் பக்கத்துச் சந்தில் ரூம் எடுத்துத் தங்கி எம்.எஸ்சி. படித்தார்கள். என்ன படிப்பு என்று கேட்டதற்கு 'ஈகாலஜி' என்றார்கள். எனக்கு அதில் ஈ மட்டும்தான் பிடிபட்டது.

ஈயைப் பற்றிப் படிக்கிற பெண்கள் நம் வீட்டில் சாப்பிட வருகிறார்களே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. தண்ணீர்ச் சொம்புக்குக்கூட மூடி போட்டேன். வேப்பிலைப் புகை போட்டேன். பாப்பா கையில் வெல்லக்கட்டி கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். இவ்வளவுக்கும் பிறகு ஒரு மத்தியானம், ஒரே ஒரு ஈ, தனத்தின் இலை ஓரத்தில் வந்து உட்கார்ந்தது. நான் கதவுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்து விசிறியால் அடித்த அடியில் ரசம் அவள் சுடிதார் மேலெல்லாம் தெறித்தது. ஈ செத்துக் கிடந்தது. "படிப்புக்கு வேணுமுன்னா எடுத்து வெக்கட்டுங்களா?" என்று கேட்டேன்.

தனம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டெல்லா பெஞ்சிலிருந்து விழப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள்தான் விளங்கும்படி சொன்னாள். "ஈயும் மாடும் புல்லும் மனுசனும் ஒருத்தரை ஒருத்தர் அண்டிப் பொழைக்கிறதைப் படிக்கிற படிப்புக்கா இது. உங்க சோத்தை அண்டி நாங்க பொழைக்கறமே, அதுவும் பாடந்தான்."

நான் வெஜ்

மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழிக்குழம்பு. முதல் வாரமே கதவுக்குப் பின்னாலிருந்து தனத்தைக் கேட்டேன், கறி தின்பாயா கண்ணு என்று. "நான் வெஜ்ங்க்கா" என்றாள். நான்வெஜ் தின்கிற பிள்ளை, வெட்கப்பட்டுச் சொல்கிறது என்று நல்ல துண்டாகப் பார்த்து ரெண்டு அள்ளிப் போட்டேன். இலை காலியாகத்தான் வந்தது. அடுத்த வாரமும் போட்டேன். அடுத்த வாரமும் காலி. கூச்சப்படுகிற பிள்ளைக்கு நாம்தான் பார்த்துப் போட வேண்டும் என்று ஈரலையும் சேர்த்து வைக்க ஆரம்பித்தேன். என் கூச்சம் எனக்குத் தெரியாதா?

பாப்பாதான் காட்டிக் கொடுத்தாள். தவழ்ந்து போய் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், மேலே கையை நீட்டி "காக்கா காக்கா" என்றாள். எட்டிப் பார்த்தேன். தனத்தின் இலையிலிருந்து ஸ்டெல்லாவின் இலைக்குக் கோழித் துண்டு பறந்துகொண்டிருந்தது. தனம் எழுந்து நின்றுவிட்டாள். "நான்... வெஜ்ங்க்கா" என்று, இந்தத் தடவை நடுவில் மூச்சு விட்டுச் சொன்னாள். அவள் தன்னைச் சொல்லியிருக்கிறாள். நான் கோழியைக் கேட்டிருக்கிறேன். இத்தனை வாரமும் அந்தப் பிள்ளை ரசத்தைக் கொண்டே ஒப்பேற்றியிருக்கிறது. போட்டவர் மனசு நோகக் கூடாதாம்! "நீயாவது சொல்லக் கூடாதா?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன். அவள் எலும்பைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னாள். "நான் வாயத் திறந்தா என்ற பங்குல பாதி போயிருமேக்கா."

அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன். தனம் 'நான்' என்று சொன்னால் அது அவளைத்தான் குறிக்கும். இதை மட்டும் மறக்கவே கூடாது.

ரெண்டு பாதை

முதல் வருஷம் முடிகிற சமயம், சாப்பாட்டு நேரத்தில் பேச்செல்லாம் ஒரே விஷயமாக இருந்தது. இரண்டாம் வருஷத்துக்கு ரெண்டு பாதை இருக்கிறதாம். ஒன்று தீசிஸ். ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வருஷம் பூராவும் அதன் பின்னாலேயே அலைந்து, அளந்து, எண்ணி, தடிப் புத்தகமாக எழுத வேண்டும். பிறகு வெளியூர் வாத்தியார் வந்து கேட்கிற கேள்விக்கெல்லாம் நின்று பதில் சொல்ல வேண்டும். இன்னொன்றில் அலைச்சல் இல்லை. கூடுதலாக ரெண்டு பேப்பர் படித்துப் பரீட்சை எழுதிவிட்டால் முடிந்தது. அதனால் பெண்கள் அதைப் 'பேப்பர்' என்றுதான் சொல்வார்கள். மேலே ஆராய்ச்சி, பி.எச்டி. என்று போகிறவர்களுக்குத் தீசிஸ் கைகொடுக்கும், சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டியவர்களுக்குப் பேப்பர் போதும், இதில் உசத்தி மட்டம் ஒன்றும் இல்லை, யோசித்து எடுங்கள் என்று அவர்கள் மேடம் சொல்லியிருந்தாராம்.

யோசிக்கச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. தனம் இலையில் கோலம் போட ஆரம்பித்தாள். சோறு அப்படியே திரும்பி வந்தது. மெஸ் நடத்துகிறவளுக்கு இதைவிட மனக்கஷ்டம் என்ன இருக்கிறது? உப்பா, புளியா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். "எனக்குத் தீசிஸ்தாங்க்கா ஆசை. எங்கப்பாவுக்குப் பேப்பர்தாங்க ஆசை" என்றாள். "ரெண்டுக்கும் நடுவுல என்ன கண்ணு?" என்றேன். அவள் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நடுவுல பெருந்துறை மாப்பிள்ளைங்க."

ஸ்டெல்லாவின் அம்மா

பெருந்துறையில் கம்பெனி வைத்திருக்கிற பையனாம். தனத்தின் அப்பா கண்டிப்பானவர் இல்லை. பாசமாகத்தான் சொல்லியிருக்கிறார், ரெண்டு பரீட்சையை எழுதிவிட்டு வந்துவிடு கண்ணு என்று. தீசிஸ் எடுத்தால் கல்யாணம் தள்ளிப் போகும். அப்புறம் பி.எச்டி. என்பாள் என்று அவர் நினைத்தார். அவளும் அதைத்தான் நினைத்தாள். நினைத்ததை அப்பாவிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

ஸ்டெல்லா ஒரே நாளில் பேப்பர் எடுத்துவிட்டாள். அது எனக்கு ஆச்சரியம். காட்டுக்கும் குளத்துக்கும் டூர் போய் வந்தால் மூன்று நாளைக்கு அதையே பேசுகிறவள் அவள்தான். இன்ன குளத்தில் இன்ன கொக்கு என்று கையை விரித்து விரித்துக் காட்டுவாள். குழம்புக் கிண்ணம் கவிழும். கூடப் படிக்கிற யாரோ ஒருத்தி, அலைய உடம்பு வணங்காதவர்கள்தான் பேப்பர் எடுப்பார்கள் என்று குத்தலாகச் சொல்லிவிட்டாளாம். தனம் அதைச் சொல்லிக் கோபப்பட்டாள். ஸ்டெல்லா கோபப்படவில்லை. அவளுடைய அம்மா தையல் மிஷின் போட்டு இவளைப் படிக்க வைக்கிறவர். ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற நிலைக்கு வந்துவிட்டார். அடுத்து பி.எட். முடித்து டீச்சர் வேலைக்குப் போய்விட வேண்டும் என்பது ஸ்டெல்லாவின் கணக்கு. பாப்பாவுக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கொக்கு அடுத்த வருசமும் வரும்க்கா. எங்கம்மாவுக்குக் கண்ணு வராது."

ஃபவுண்டரிக்காரர் சொன்னது

எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம், தீசிஸ் நல்லதுங்களா, பேப்பர் நல்லதுங்களா என்று கேட்டேன். அவர் எட்டாவது. சட்டையிலிருந்து மோல்டிங் மண்ணைத் தட்டிக்கொண்டே ரொம்ப நேரம் யோசித்தார். "இதப் பாரு புள்ள, ஃபவுண்டரியில பேட்டர்ன் செய்யறவன் ஒருத்தன். புதுசா ஒரு சாமானுக்கு மரத்துல உருவம் செதுக்கறவன் அவன். அந்த உருவத்தை மண்ணுல பதிச்சு இரும்பை ஊத்தறவன் நான். தீசிஸுங்கறது பேட்டர்ன் செய்யறது. பேப்பருங்கறது வார்க்கறது. ரெண்டுல ஒண்ணு இல்லீனாலும் பம்ப் செட் ஓடாது" என்றார்.

நான் இதைப் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்து, அப்படியென்றால் தனத்துக்கு என்னதான் சொல்வது என்று கேட்டேன். அவர் சட்டையைக் கொடியில் போட்டார். "பேட்டர்ன் செய்யறவனுக்குத் தலைவலி. வார்க்கறவனுக்கு முதுகுவலி. எந்த வலி வேணுமுன்னு கேட்டுச் சொல்லு."

கட்டம்

புல்வெளியில் என்னென்ன முளைத்திருக்கிறது என்று எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. தரையில் கயிற்றால் ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்குள் இருப்பதை மட்டும் ஒன்று விடாமல் எழுத வேண்டும். அதைப் பழகிப் பார்க்க இடம் வேண்டும் என்று தனம் எங்கள் புழக்கடைக்கு வந்தாள். துணிக்கொடியை அவிழ்த்துக் கொடுத்தேன். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் பாய்ந்து அங்கே அருகம்புல், குப்பைமேனி, என்னென்னவோ கிடந்தது. குனிந்து பார்க்கும்போது அவள் முகம் வேறாக இருந்தது. மெல்லிசுக் குரலெல்லாம் இல்லை. "அக்கா, அந்தச் செருப்பை அக்கட்டால வைங்க" என்று அதட்டினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அவர்கள் ஊரில் கொறங்காடு உண்டு. கிளுவை வேலி போட்டு, மாடு மேய்வதற்கென்றே விட்டு வைக்கிற மேய்ச்சல் காடு. மழை பெய்து நாலு நாளில் கொழுக்கட்டைப் புல் வருமாம். அதைத்தான் தீசிஸுக்கு எடுக்க நினைத்திருந்தாள். "எங்க புஸ்தகத்துல எந்தெந்தத் தேசத்துப் புல்லோ இருக்குதுங்க்கா. எங்க காட்டுப் புல்லைக் காணோம்" என்றாள். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பாப்பா தத்தித் தத்திப் போய்க் கட்டத்துக்குள் பொத்தென்று உட்கார்ந்து அருகம்புல்லைப் பிடுங்கி வாயில் வைத்தாள். நான் தூக்க ஓடினேன். தனம் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்துவிட்டு, பென்சிலை எடுத்து எழுதினாள். "உள்ள வந்துட்டா எண்ணித்தான் ஆகோணுங்க்கா. மேய்ச்சல் உருப்படி, ஒண்ணு."

பி.பி. நம்பர்

எங்களுக்குப் போன் கிடையாது. எதிர்வீட்டு டீச்சர் வீட்டு நம்பரைத்தான் பி.பி. நம்பர் என்று எல்லோருக்கும் கொடுத்து வைத்திருந்தோம். மேடத்திடம் எந்தப் பாதை என்று பெயர் சொல்ல வேண்டிய நாள் காலையில், தனம் பாதி இட்லியில் எழுந்து ஓடினாள். கேட் வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள். முகம் வெளிறிப் போயிருந்தது. "எங்கப்பா இன்னைக்குப் போன் பண்ணுவாருங்க்கா. என்னால சொல்ல முடியல. நீங்க சொல்லிப்போடுங்க. நான் தீசிஸ்!" என்று கத்திவிட்டுப் போய்விட்டாள்.

மத்தியானம் டீச்சர் கூப்பிட்டார். எனக்குப் போன் என்றாலே நடுக்கம். அந்தப் பக்கம் தனத்தின் அப்பா, "ஏனுங் அம்மணி, நல்லா இருக்கறீங்களா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். "லைன்ல இருக்கறீங்களா அம்மணி?" மறுபடியும் ஆட்டினேன். "தலையை ஆட்டினா அவருக்கு எப்படிம்மா தெரியும்?" என்று டீச்சர் என் காதருகே கிசுகிசுத்தார். "எங்க பாப்பா எதைங்க எடுத்துச்சு?" என்று அவர் கேட்டார். கோழிக்குழம்பில் சூடு பட்டவள் நான். ஒரு எழுத்துக்கூட மாறிவிடக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு, தனம் சொன்னதை அப்படியே சொன்னேன். "நான் தீசிஸுங்க."

திட்டப் போகிறார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். ஆனால் அவர் குரல் அப்படியே குழைந்துவிட்டது. "நல்லதுங் அம்மணி, ரொம்ப நல்லதுங்க. நான் மனசுல நெனச்சதையே செஞ்சுபோட்டா பாருங்க என்ற கண்ணு."

பீர்க்கங்காய்ப் பொரியல்

அப்பாவுக்கு ஏக சந்தோஷம் என்று சாயங்காலம் சொன்னேன். தனம் நம்பவில்லை. ரெண்டு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு பாப்பாவைத் தூக்கி முகத்தில் முகம் வைத்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு ராத்திரி தோசை மாவு பற்றவில்லை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை, வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக அவளுடைய அப்பாவே வந்து நின்றார். மூட்டையில் தேங்காய், தூக்குப் போசி நிறையத் தயிர். சாப்பிட உட்கார வைத்தோம். பெருந்துறைக்காரர்கள் அடுத்த மாசம் பெண் பார்க்க வருகிறார்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார். எனக்கு என்னவோ உதைத்தது.

அப்போதுதான் தனமும் ஸ்டெல்லாவும் காலேஜிலிருந்து வந்தார்கள். தனம் கையில் கயிற்றுச் சுருள். "அப்பா! நீங்க சரின்னு சொன்னதைக் கேட்டு மேடம் நம்ம கொறங்காட்டையே எடுத்துக்கச் சொல்லிப்போட்டாங்கப்பா!" என்றாள். அவர் கை சோற்றிலேயே நின்றது. "நான் தீசிஸுன்னல்ல அம்மணி சொன்னாங்க?" என்றார். "ஆமாங்கப்பா. நான் தீசிஸ்." ஸ்டெல்லா நெற்றியில் அடித்துக்கொண்டாள். நாங்கள் பேப்பர், பேப்பர் என்று சொல்லிக்கொண்டிருந்த பாதைக்குக் காலேஜில் வைத்த பெயரே 'நான்-தீசிஸ்'தானாம். தீசிஸ் இல்லாதது. நான்-வெஜ் மாதிரி. வீட்டில் தனம் அப்பாவுக்கு அந்தப் பெயரில்தான் விளக்கியிருக்கிறாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வெயில்ல நிக்கறது பத்தாதா கண்ணு? அதே காட்டுல உன்னையும் நிறுத்தறதுக்கா படிக்க அனுப்புனேன்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "பேரை மாத்த முடியுமா?" தனம் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "திங்கக்கிழமை வரைக்கும் மாத்தலாங்கப்பா" என்றாள். சொல்லிவிட்டு, உட்கார்ந்து தானும் ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணிலிருந்து கொட்டிவிட்டது. "ஏன் கண்ணு அழுகறே?" "இல்லீங்கப்பா. பொரியல் காரமுங்க." நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மெஸ் ஆரம்பித்த நாளிலிருந்து ஆண்கள் முன்னால் வராதவள், கதவை விட்டு வெளியே வந்து, "ஏனுங்க, அது பீர்க்கங்காய்ப் பொரியலுங்க. நான் காரமே போடலீங்க" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். "தெரியுதுங் அம்மணி. நானும் அதையேதானுங்க சாப்பிடறேன்."

திங்கட்கிழமை

அவர் இலையை மூடிவிட்டுக் காங்கேயம் பஸ் ஏறிப் போய்விட்டார். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் தனம் சாப்பிட வரவில்லை. ஸ்டெல்லாதான் டிபன் கேரியரில் எடுத்துப் போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோழியே வாங்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை. திங்கட்கிழமை காலையில் டீச்சர் வந்து, தனத்தின் அப்பா தனத்தை இல்லை, என்னைப் போனுக்குக் கூப்பிடுகிறார் என்றார். போனேன். இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை.

"அம்மணி, எங்க பாப்பாகிட்ட நேரா சொன்னா அழுதுபோடுவா. அதனாலதான் உங்ககிட்ட" என்று ஆரம்பித்தார். "நேத்து கொறங்காட்டுல போய்ச் சித்தெ உக்காந்து பார்த்தனுங்க. இதுல என்னத்தைப் படிப்பான்னு எனக்கு ஒண்ணுமே தட்டுப்படலீங்க. மாடு திங்குது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். செரி, தெரியாததைத்தான படிப்பாங்கன்னு எந்திரிச்சு வந்துட்டேன். கட்டம் போடற எடத்துல மாடு போகாம நான் தடுப்பு வெச்சுத் தரேன். தீசிஸே இருக்கட்டுமுன்னு சொல்லிப்போடுங்க. 'நான்' வேண்டாம், வெறும் தீசிஸு" என்றார். பெருந்துறைக்காரங்களுக்கு என்னங்க சொல்லுவீங்க என்று, எனக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது. "பொண்ணு என்ன எடுத்திருக்குதுன்னு கேட்டாங்க. நான் தீசிஸுன்னு சொல்லிப்போட்டேன். அவங்களுக்கு எப்படிக் கேக்குதோ, அப்படிக் கேட்டுக்கட்டுமுங்க."

சென்னிமலையிலிருந்து திரும்பும்போது

பெருந்துறைக்காரர்கள் அதைத் தீசிஸ் என்றேதான் கேட்டுக்கொண்டார்கள் போலிருக்கிறது; வேறு இடத்தில் பெண் எடுத்துவிட்டார்கள். தனம் அதற்கு ஒரு கரண்டி பாயசம் அதிகமாகக் கேட்டாள். அந்த வருஷம் மழைக்குப் பிறகு நாங்கள் சென்னிமலை முருகனுக்குப் பாப்பாவை மொட்டை போடக் கூட்டிப் போனோம். திரும்பும்போது காங்கேயம் பக்கம் வந்து கொறங்காட்டைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று தனம் சொல்லியிருந்தாள். ஸ்டெல்லாவும் பரீட்சைக்குப் படிக்கிற புத்தகத்தோடு வந்திருந்தாள். வெள்வேல மர நிழலில் உட்கார்ந்து படித்துக்கொண்டே, தனம் எண்ணிச் சொல்வதை எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பாப்பாவின் மொட்டைத் தலையைக் கண்டதும், "வாங்க மேய்ச்சல் உருப்படி" என்று அங்கிருந்தே கத்தினாள்.

காடு முழுக்க இடுப்பு உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல் காற்றில் சாய்ந்து எழுந்தது. தனம் மண்டியிட்டு இருந்தாள். கயிற்றின் ஒரு முனையை அவள் முளை அடித்துக் கட்டியிருக்க, இன்னொரு முனையை அவளுடைய அப்பா பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். துண்டை எடுத்து மகள் தலையில் போட்டிருந்தார். அவர் தலையில் ஒன்றும் இல்லை. அசையக் கூடாது என்று தனம் சொல்லியிருந்ததால் எங்களைப் பார்த்தும் கையெடுத்துக் கும்பிடவில்லை. கண்ணாலேயே வாங்க என்றார்.

வேலிக்கு வெளியே மொபெட்டில் போன ஊர்க்காரர் ஒருவர் கயிற்றைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். அந்தப் பக்கமெல்லாம் கொறங்காட்டைக் கம்பெனிக்கு விற்கிற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. "ஏனுங் மாமா, காட்டை அளக்கறாப்பல இருக்குது? விக்கறீங்களா?" என்றார். தனத்தின் அப்பா கயிற்று முனையை விடாமல், தலையை மட்டும் திருப்பினார். "விக்கலீங் மாப்ளே. நானும் தீசிஸுங்க."

இப்போதெல்லாம் மெஸ்ஸுக்குப் புதிதாக வருகிறவர் யாராவது 'நான்' என்று ஆரம்பித்தால், கதவுக்கு முன்னால் வந்து நின்று, அவர் பேச்சு முழுதாக முடிகிற வரைக்கும் நான் கரண்டியைத் தூக்குவதில்லை.